சரிபார்க்கப்படாத கையெழுத்து

வங்கியில் நம்பிக்கை என்பது அவநம்பிக்கையை ஒழுங்குபடுத்திவைத்த ஒரு ஏற்பாடு. நான் பதிவுசெய்வதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் அது செல்லும். நாங்கள் ஒருவரையொருவர் நம்பவேண்டியதில்லை. அதனாலேயே வாடிக்கையாளர் எங்களை நம்புகிறார். இந்த வசதி எல்லாத் தொழிலுக்கும் இல்லை என்பது, சென்ற வருஷம் அம்மாவுடன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது இரவுகள் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆறாவது இரவு, இரண்டு மணிக்கு நர்ஸ் என்னை எழுப்பினார். பதினோரு மணிக்குப் போடவேண்டிய ஊசியைப் போடவில்லை என்றார். வேலை மிகுந்த இரவுகளில் சார்ட்டுகளில் முதலிலேயே கையெழுத்திட்டுவிட்டு, பிறகு கட்டில் கட்டிலாகப் போவாராம். அம்மாவின் கட்டில் விட்டுப்போயிற்று. "டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன் சார். இப்பப் போடச் சொன்னார்." தம் கையெழுத்தின்மேல் ஒரு கோடிழுத்து, உண்மையான நேரத்தை எழுதி, மறுபடி கையெழுத்திட்டார். மருந்துக் குப்பியைக் குப்பையில் போட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

விடியற்காலையில், "இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன். ஏதோ பெரிய வார்த்தையை எதிர்பார்த்திருக்கிறேன் போலும். "அப்பா சேர்த்துவிட்டார். படிப்புக் கடன் இருக்கு. இங்கிலீஷ் பரீட்சை எழுதி லண்டன் பக்கம் போகணும்." என் முகம் மாறியிருக்கவேண்டும். "ஏன் சார், நீங்க ஆசைப்பட்டா பேங்குக்கு வந்தீங்க?" என்றார். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்த நான் பதில் சொல்லவில்லை.

நர்ஸைப் பற்றி நம்மிடம் இரண்டு கற்பிதங்கள் உண்டு: கீழ்ப்படிதல், சேவை. நர்ஸ்கள் விளக்கேந்திச் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893ல் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரின் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்காக எழுதப்பட்டது. டாக்டருக்கு விசுவாசம் அதில் ஒரு அம்சம். சர்வதேச நர்ஸ்கள் கவுன்சிலின் 1953ம் வருஷத்து நெறிமுறையிலும் அந்த விசுவாசம் இருந்தது. 1973ல்தான் முதல் பொறுப்பு நோயாளியிடம் என்று ஆயிற்று. இடையே 1966ல் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். முன்பின் தெரியாத 'டாக்டர்' ஒருவர், புட்டியில் குறித்திருந்த உச்ச அளவைப்போல் இருமடங்கு மருந்தைக் கொடுக்கும்படி ஃபோனில் சொல்கிறார். 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். மருந்து போலி, அவர்களை வழியில் நிறுத்தினார்கள். அவர்கள் கெட்ட நர்ஸ்கள் அல்ல. எதை நல்ல நர்ஸ் என்று சொல்லிவந்தோமோ, அதுவாகவே இருந்தவர்கள்.

சேவை, சம்பளம் கேட்கும்போது நினைவூட்டப்படுகிற சொல். வள்ளுவர் 950ம் குறளில் மருத்துவத்தை நான்காக வகுக்கிறபோது நோயாளி, மருத்துவன், மருந்து இவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவனையும் சேர்த்து எண்ணுகிறார். தியாகம் பற்றி அங்கே பேச்சில்லை.

ஒருவர் என்ன காரணத்துக்காகத் தொழிலுக்கு வந்தார் என்பது நோயாளிக்குத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. நம்புகிறவனால் சரிபார்க்க முடியாத இடத்தில் தன் கையெழுத்தைத் தானே சரிபார்ப்பது, அதுதான் தொழில் தர்மம் என்று எனக்குப் படுகிறது. அதை லண்டன் போக நினைப்பவராலும் செய்யமுடியும். முன்கூட்டிக் கையெழுத்திட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அத்தனை கட்டில்களை ஒருவரிடம் விட்டவர்களின் கையெழுத்து எந்தச் சார்ட்டிலும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு படிவம் தந்தார்கள். 'குறைகள்' என்ற இடத்தில் நடந்ததை எழுதினால் உண்மை சொன்னதற்காக அவர் தண்டிக்கப்படுவார். எழுதாவிட்டால் நாளை இன்னொரு கட்டில் விட்டுப்போகும். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரவில் ஆள் போதவில்லை என்று எழுதியிருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது. அந்தப் படிவத்தில் கோடிழுக்க நான் இன்னும் திரும்பிப் போகவில்லை.