நின்ற வண்டிக்கு வயதாகுமா?

மோட்டார் சைக்கிளின் என்ஜின் ஆயிலை மாற்ற இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று கிலோமீட்டர், மற்றது மாதம். வண்டியோடு வரும் கையேடு பெரும்பாலும் இரண்டையும் அச்சிட்டு, ‘எது முந்துகிறதோ அது’ என்று முடித்துக்கொள்ளும். நாள்தோறும் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் முந்திவிடுவதால் மாதக் கணக்கு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எப்போதாவது எடுக்கும் வண்டியில்தான் வழக்கு எழுகிறது. ஆயில் மாற்றி ஓராண்டு ஆகிவிட்டது. மீட்டரில் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. உழைக்காத எண்ணெயை ஏன் கொட்ட வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு பழைய தத்துவச் சிக்கல் இருக்கிறது: பொருளை முதுமையாக்குவது வினையா, காலமா? வினையே நடக்காத இடத்தில் காலம் மட்டும் என்ன செய்துவிடும்?

தமிழ் இந்தச் சிக்கலை ஒரே எழுத்தின் வேறுபாட்டில் வைத்திருக்கிறது. ஆயில் மாறுகிறது என்பது தன்வினை. ஆயிலை மாற்றுகிறார்கள் என்பது பிறவினை. ஏற்கெனவே மாறிவிட்டதைத்தான் மாற்ற வேண்டும். மாறவே இல்லை என்றால் மாற்றுவது வீண். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, நிற்கும் வண்டிக்குள் இருக்கும் ஆயில் மாறுகிறதா என்பது.

செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இந்த மலையிலுள்ள ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறிவரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் சில்வர் ஓக்கும் நிறைந்த இந்த மலையில் வண்டியின் அன்றாட ஓட்டம் பெரும்பாலும் குறுகியது: கடைக்கு, தோட்டத்துக்கு, பஸ் நிற்கும் இடத்துக்கு. பனிமூட்டத்தில் சோக்கை இழுத்துவிட்டு உதைத்தால் நாலாவது உதைக்கு என்ஜின் பிடிக்கும். அது சூடாவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும்.

மலையில் கிலோமீட்டர் கணக்கே கொஞ்சம் பொய் சொல்லும். மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுழற்சியை, என்ஜினின் உழைப்பை அல்ல. ஏற்றத்தில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி ஏறும் வண்டி, சமவெளியில் நான்காம் கியரில் போகும் வண்டியைவிட ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று மடங்கு சுற்றுகள் சுற்றும். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருட்டுபவர்களும் உண்டு. என்ஜினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் ஆபத்தான பழக்கம் அது. அப்போது மீட்டர் ஓடுகிறது, என்ஜின் நிற்கிறது. வினையை அளப்பதாகச் சொல்லும் எண் இப்படி இரண்டு பக்கமும் தவறுகிறது. காலத்தை நம்பாமல் செயலை மட்டும் நம்புவோம் என்பவருக்கு முதல் தடை இதுவே: செயலை எதைக் கொண்டு அளப்பது?

இனி என்ஜினுக்குள் நடப்பது. என்ஜின் ஆயில் தனிப் பொருள் அல்ல. அடிப்படை எண்ணெயில் பல சேர்மானங்கள் கலந்த கூட்டு அது. தேய்மானத்தைத் தடுப்பது ஒன்று, அழுக்கைத் தேய்த்து எடுப்பது ஒன்று, எடுத்த கரியைத் திரளவிடாமல் மிதக்க வைப்பது ஒன்று, அமிலத்தை முறிக்கும் காரம் ஒன்று. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கியருக்கும் கிளட்சுக்கும் இதே எண்ணெய்தான் என்பதால் அதன் வேலை காரில் உள்ளதைவிடக் கடினம். பெட்ரோல் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழல் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் சேரும். அரைகுறையாக எரிந்த பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடவே வரும்.

நெடுந்தூரம் ஓடினால் ஆயில் நன்றாகக் காய்ந்து, இறங்கிய தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது நடக்காது. ஈரம் தங்கி, வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. காரம் அதை முறிக்கிறது. முறிக்க முறிக்கக் காரத்தின் இருப்பு குறைகிறது. வண்டி நின்றாலும் இந்த வேலை நிற்பதில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தால் சில வண்டிகளில் காப்பி நுரை போன்ற வெளிர் பழுப்புக் களிம்பு ஒட்டியிருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு அது. ஆயில் கறுத்திருப்பது குற்றமல்ல. கரியைச் சுமக்கும் வேலையை அது செய்கிறது என்று பொருள். அஞ்ச வேண்டியது மோர் கலந்தாற்போல வெளுப்பதற்கு.

ஆக, நின்ற வண்டியிலும் ஆயில் மாறுகிறது. அப்படியானால் மாற்றியது காலமா?

இந்தியத் தத்துவங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. வைசேடிகர் காலத்தை ஒன்பது திரவியங்களுள் ஒன்றாக வைத்தனர். அது ஒன்றே, எங்கும் நிறைந்தது, அழியாதது. தோன்றும் பொருளுக்கெல்லாம் பொதுவான நிமித்த காரணம். சமணரோ காலத்தைத் துணை நிற்பதாகக் காண்கின்றனர். பொருள் தன் இயல்பால் மாறுகிறது, காலம் அதற்கு உதவுகிறது. குயவனின் சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் கல் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, ஆனால் கல் இன்றிச் சக்கரம் சுழலாது என்பது அவர்களிடையே வழங்கும் உவமை. காலம் தனித் திரவியமா என்பதிலேயே சமணருக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

பௌத்தரின் கணபங்க வாதம் கடுமையானது. எந்தப் பொருளும் ஒரு கணத்துக்கு மேல் நிலைப்பதில்லை. அழிவுக்கு வெளிக் காரணம் தேவையும் இல்லை. அந்தக் கணக்கில் மெக்கானிக் கடையைத் திறப்பதற்கு முன்பே ஆயில் பல கோடி முறை மாறிவிட்டது! தமிழில் இந்த வாதத்தை எதிர்த்துப் பேசும் நூல் நீலகேசி. பௌத்தம் தொடங்கிச் சாங்கியம், வைசேடிகம் எனப் பல சமயத்தாரோடு வாதிடும் சமணப் பெண்ணின் கதை அது. வாமன முனிவர் உரையோடு 1936இல் அ. சக்கரவர்த்தி அதைப் பதிப்பித்தார். கணந்தோறும் எல்லாம் புதிதென்றால் நேற்றைய வினையின் பயனை இன்று நுகர்பவர் யார் என்பது சமணர் கணபங்கத்துக்கு எதிராக எழுப்பும் கேள்வி. ஆயிலுக்கும் அது பொருந்தும். போன மாதம் இறங்கிய ஈரம் இந்த மாதம் அமிலமாக வேண்டுமானால், இரண்டு மாதங்களையும் தாங்கி நிற்கும் ஏதோ ஒன்று வேண்டும்.

ஓடாத வண்டிக்கு மிக நெருங்கிய உதாரணம் யோக நூலின் உரை மரபில் கிடைக்கிறது. புதுத் துணியை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் ஒரு நாள் அது பழையதாகிவிடுகிறது. அந்தப் பழமை கடைசி நாளில் திடீரென்று வந்ததல்ல, கணங்களின் வரிசை முழுவதையும் கடந்து வந்தது என்கிறது வியாச பாஷ்யம். அதற்கு உரைவிளக்கம் எழுதிய வாசஸ்பதி மிசிரர் நெல்லை எடுக்கிறார். உழவன் களஞ்சியத்தில் அக்கறையாகக் காத்த நெல்லும் பல்லாண்டு கழித்துக் கைபட்டதும் பொடியாக உதிர்கிறது. யாரும் குத்தவில்லை, அவிக்கவில்லை, விதைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கணமும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நடந்திருக்க வேண்டும். இல்லையேல் இறுதியில் தெரிந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? குதிர் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முக்குணங்கள் ஒரு கணம்கூட மாறாமல் இருப்பதில்லை என்னும் சாங்கியக் கொள்கையே இதன் அடித்தளம். அங்கே காலம் தனிக் காரணம் அல்ல. மாற்றத்தின் வரிசைக்கு நாம் வைத்த பெயர்தான் காலம்.

அரிஸ்டாட்டிலும் காலத்தை முன்பின் முறையில் எண்ணப்படும் இயக்கத்தின் எண் என்றே வரையறுத்தார். ஆனால் எல்லாம் உறைந்து நின்ற ஓராண்டு சாத்தியமே இல்லையா? 1969இல் சிட்னி ஷூமேக்கர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஒரு கற்பனை உலகத்தை அமைத்தார். அதன் மூன்று பகுதிகளும் முறையே 3, 4, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓராண்டு உறைந்துபோகும். கணக்குப்படி 60ஆம் ஆண்டில் மூன்றும் சேர்ந்து உறையும். அந்த ஆண்டை யாரும் பார்க்க முடியாது. இருந்தும் அது கழிந்தது என்று நம்பக் காரணம் உண்டு என்றார். அவ்வுலகில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் 60ஆம் ஆண்டுக்கு அதன் ஆயிலை மாற்ற வேண்டியதில்லை. காலம் கழிந்தாலும் எதுவும் கெட்டிருக்காது.

இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடிய பொருள் ஒன்று உதிரிபாகக் கடை அலமாரியில் இருக்கிறது: திறக்காத ஆயில் டின். வெயிலும் ஈரமும் படாமல் வைத்த டின் பொதுவாக ஐந்தாண்டு வரை தாங்கும். அதே எண்ணெயை வண்டிக்குள் ஊற்றிச் சில நாள் ஓட்டி நிறுத்தினால் ஓராண்டுக்கு மேல் நம்ப முடியாது. இரண்டுக்கும் காலம் ஒன்றே. வேறுபாடு, ஒன்று வினையைத் தொட்டது, மற்றது தொடவில்லை. எனவே நின்ற வண்டியில் ஆயிலைக் கெடுப்பது வெறும் காலம் அல்ல, முன்பு செய்த ஓட்டத்தின் எச்சம்.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பிரிக்கும். முன்பு ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். வண்டி நிற்கும்போது புதிய வினை ஏறவில்லை. கிடப்பது வேலை செய்கிறது. உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. வினைப்பயனை நுகர ஓர் உயிர் வேண்டும், பேரிங்குக்கு அது கிடையாது. ஆனால் காலத்தைப் பற்றிய சித்தாந்த முடிவு இங்கே நன்றாகவே பொருந்துகிறது. எல்லாம் காலத்தில் நடப்பதால் காலமே கடவுள் என்ற கட்சியை எடுத்துக்கொண்டு, காலம் அறிவற்ற சடம் என்று மறுக்கிறது அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். மாயையில் தோன்றிய தத்துவங்களுள் காலமும் ஒன்று. அது தானாக எதையும் செய்துவிடாது.

இந்த முடிவு ஒரு பரவலான பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. வண்டி ஓடாமல் இருந்தால் கெட்டுவிடும் என்று வாரம் ஒருமுறை கிக்கரை உதைத்து ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பவர்கள் ஏராளம். ஒப்புக்குச் செய்யும் இந்தச் செயல் ஓட்டமும் அல்ல, ஓய்வும் அல்ல. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த என்ஜினில் ஈரமும் பெட்ரோலும் இறங்குகின்றன, வெளியேற மட்டும் வழியில்லை. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டிக் காய்ச்சுவது நல்லது. அது முடியாவிட்டால் தொடாமலே விடலாம். யாரும் ஒரு கணமும் வினை செய்யாமல் இருப்பதில்லை என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்வது மனிதருக்கு. அதை வண்டிக்கும் நீட்டி, வினை என்ற பெயரில் எதையாவது செய்துவைப்பதற்கு நியாயமாக்க முடியாது.

அப்படியானால் ஆயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? ஆண்டுக்கு ஒருமுறை என்பதே பொதுவான, பாதுகாப்பான விடை. குறுகிய ஓட்டமே வழக்கமாக உள்ள ஈரமான மலையில் ஆறு முதல் எட்டு மாதத்தில் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. ‘ஓராண்டு’ என்ற எல்லை இயற்கையில் எங்கும் எழுதியில்லை. 365ஆம் நாள் நல்ல ஆயில் 366ஆம் நாள் கெட்ட ஆயிலாகிவிடுவதில்லை. எத்தனை நெல் சேர்ந்தால் குவியல் என்ற கேள்வியைப் போன்றது இது. ஆய்வுக்கூடத்தில் கார இருப்பை அளந்தால் சரியான நாள் தெரியும். ஒரு லிட்டர் ஆயிலுக்காக யாரும் அதைச் செய்யப்போவதில்லை. அளக்காத இடத்தில் நாள்காட்டியை நம்புகிறோம். ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வாழைக்கன்று கட்டுகிறவர், அதற்கு முந்தின நாளை ஆயில் மாற்றும் நாளாக வைத்துக்கொண்டால் தேதி மறக்காது. பல மாதம் நிறுத்திவைக்கப் போகும் வண்டிக்கு, திரும்ப எடுக்கும்போது அல்ல, நிறுத்துவதற்கு முன்பே மாற்ற வேண்டும். எச்சம் உள்ளே கிடந்து வேலை செய்கிறது என்று கண்டபின் இது தானே விளங்கும்.

தேவையில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொட்டுவதும் சரியல்ல. வண்டிக்குக் காட்டும் அந்த அக்கறையின் செலவை மண் ஏற்கிறது. மலையில் ஊற்றிய கழிவு ஆயில் மழையோடு ஓடையில் இறங்கும். ஒரு கேலன் கழிவு ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. வேலிக் கம்பத்துக்குக் கறையான் பிடிக்காமலிருக்கப் பூசுவதும் மண்ணில் சேர்ப்பதேதான். வடித்த ஆயிலை ஒர்க்‌ஷாப் பீப்பாயில் சேர்த்தால் அது மறுசுத்திகரிப்புக்குப் போக வழியுண்டு. இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் இதற்கான பொறுப்பு உற்பத்தியாளர் மீதும் விதிக்கப்பட்டிருக்கிறது. மறுசுத்திகரிப்பில் தண்ணீரும் பெட்ரோலும் கரியும் செலவழிந்த சேர்மானங்களும் பிரிக்கப்பட, அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி கெடாமல் திரும்பக் கிடைக்கிறது. புதிய சேர்மானங்களைக் கலந்து அதையே மறுபடி டின்னில் அடைக்கிறார்கள்.