சுருத பஞ்சமியும் விடை பகரும் பொறியும்



ஜேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமியைச் சுருத பஞ்சமி எனப் போற்றி, ஆகம நூல்களைப் பீடத்தில் அமர்த்தி வணங்குகின்றோம். தரசேனாசாரியரிடம் கேட்டறிந்தவற்றைப் புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமமாக எழுத்தில் அமைத்ததை நினைவுகூரும் நாள் அது. அவருள் பூதபலியார் தமிழ்நாட்டிற்கு எழுந்தருளினார் எனத் தவளா உரை கூறுவது நமக்குப் பெருமையன்றோ?

அவ்விருவரையும் மாணாக்கராக ஏற்குமுன் தரசேனர் ஒரு சோதனை வைத்தார். ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் அளித்தார். செபித்தபோது பல் நீண்ட தேவதை ஒன்றும், ஒற்றைக்கண் தேவதை ஒன்றும் தோன்றின. தேவதைகளின் உருவம் இவ்வாறு இராதே என ஐயுற்ற மாணாக்கர், தாமே எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். குறையற்ற உருவங்கள் தோன்றின. கிடைத்ததை அப்படியே ஏற்காது ஆராய்ந்தமையாலேயே அவர்கள் ஆகமம் பெறும் தகுதியுற்றனர்.

இன்று அச்சோதனை நம் இல்லங்களுக்கே வந்துள்ளது. 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வெளிவந்தது முதல், செயற்கை நுண்ணறிவுப் பொறிகளிடம் சமய ஐயங்களைக் கேட்கும் வழக்கம் பெருகியுள்ளது. பாச்சலூர் போன்ற மலையூரில் வாழும் நமக்கு மேல்சித்தாமூர் மடமோ நெடுந்தொலைவு; ஐயம் தீர்க்கும் பெரியோரும் அருகில் இலர். பேரப்பிள்ளைகள் கைபேசியை நாடுவதைக் குறைகூற இயலாது.

ஆயினும் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். அது எண்ணற்ற எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்து விடையைத் தொடுக்கின்றது. பலர் எழுதியதே அதில் மேலோங்கும். வினை என்றால் விதி என்றோ, இறைவன் அளிக்கும் பயன் என்றோ அது உரைத்துவிடலாம். உயிரோடு ஒட்டும் நுண்ணிய புற்கலமே வினை என்னும் நம் கொள்கை மறைந்துபோகும். 2023இல் கீதையின் பெயரால் அமைந்த இத்தகைய பொறிகள் சில, அறங்காக்கக் கொலையும் தகும் என விடையளித்ததாகச் செய்தி வந்தது. கொல்லாமையை உயிராகக் கொண்ட நாம் இதனை எளிதாகக் கடந்துவிடலாமா?

நம் பழனி வட்டாரத்து ஐவர்மலையையே எண்ணுங்கள். மக்கள் அதனைப் பாண்டவரோடு இணைத்துப் பேசுவர். பாறையிலுள்ள சாசனமோ, கி.பி. 870இல் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரர், இயக்கியர் திருமேனிகளைப் புதுப்பித்ததையும், 505 காணம் பொன் வழங்கப்பட்டதையும் உரைக்கின்றது. பலர் சொல்வதே முடிவாயின் அச்சாசனம் ஊமையாகிவிடும்.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகளும் நச்சினார்க்கினியர் உரையும் கையிலிருந்தும், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடி நம் மரபின் பொருளைக் கேட்டறிந்தார். நூலின் பொருள் எழுத்தில் மட்டுமன்று, அதனை ஒழுகுவோரிடத்தும் வாழ்கின்றது என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார்.

அகத்தவங்களுள் ஒன்றாகிய சுவாத்தியாயத்தைத் தத்துவார்த்த சூத்திரம் ஐவகையாகக் கூறும்: ஓதுதல், ஐயம் வினவுதல், உள்ளத்துள் ஆய்தல், பிழையற உருப்போடுதல், பிறர்க்கு அறமுரைத்தல். முதலிரண்டிற்குப் பொறி ஓரளவு துணை நிற்கும். எந்நூலில் எவ்விடத்தில் உள்ளது எனத் தேடித் தரும். ஏனைய மூன்றும் நம்முடையவை. நமக்காகப் பொறி உண்ணாநோன்பு இருக்க இயலுமோ? அதுபோன்றே நமக்காக அது சிந்திக்கவும் இயலாது.

ஆதலின் பெற்றோர்களே, பொறி விடை கூறினால் நூற்பெயரும் சூத்திர எண்ணும் கேட்குமாறு பிள்ளைகளைப் பழக்குங்கள். அவ்வெண்ணும் பொய்யாக இருக்கக்கூடும். ஆகவே நூலைத் திறந்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். எந்த நயத்தில் அது கூறப்பட்டது என வினவுங்கள். தீராத ஐயத்தை ஏட்டில் குறித்துவைத்து, முனிவரையோ கற்றோரையோ காணுங்கால் கேளுங்கள். வரும் சுருத பஞ்சமியன்று நூலுக்குப் பூச்சூட்டியபின், ஒரு சூத்திரத்தையேனும் குடும்பத்தோடு அமர்ந்து பொருளுணர்ந்து ஓதுவோமாக.

எழுத்து மிகினும் குறையினும் கண்டறியும் நல்ஞானம் நம் மக்களுக்கு வாய்ப்பதாக! வாழ்க ஜின தருமம்!