நல்லா போகும்ணே

துரைப்பாக்கத்தில் ராஜீவ் காந்தி சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் முதல் ஷட்டர் ஒரு சாப்பாட்டுக் கடை. என்ன கடை என்று கேட்டால், எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். நான் குடிவந்தபோது ஷவர்மா. பிறகு சிறுதானிய தோசை. பிறகு பிரியாணி. ஒவ்வொன்றும் மூடிய பின் கொஞ்ச நாள் ‘டு லெட்’ தொங்கும். அப்புறம் ஒரு காலையில் ஷட்டர் பாதி தூக்கியிருக்கும், உள்ளே டைல்ஸ் வெட்டும் சத்தம் கேட்கும், வாசலில் புது ஃப்ளெக்ஸ் வந்திருக்கும்: ‘விரைவில்’.

இந்த வருஷம் ஆடியில் நான்காவது ‘விரைவில்’ வந்தது. விருதுநகர் எண்ணெய் பரோட்டா. இந்த முறை கடை போடுகிறவர் எனக்குத் தெரிந்தவர். கொரோனாவுக்கு முன்னால் எங்கள் ஆபீஸுக்கு கேப் ஓட்டியவர். நைட் ஷிஃப்ட் முடிந்து என்னை இறக்கிவிட்டால், நான் மாடியேறி லைட் போடும் வரை வண்டியை எடுக்கமாட்டார். ஒருநாளும் நான் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் கடை வாசலில் நிறுத்தி உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். பரோட்டாக் கல் வந்திருந்தது. புகைக்கூண்டு பாதி மாட்டியிருந்தார்கள். மனைவியின் நகை பேங்கில் இருப்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு கேட்டார்: “தம்பி, நீங்க இந்தத் தெருவுலயே இருக்கீங்க. சொல்லுங்க, போகுமா?”

“நல்லா போகும்ணே” என்றேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்த ரெண்டு வார்த்தை தொண்டையிலேயே நின்றது. நான் சொன்னது பொய்யா?

முதலில் எனக்கு நானே வக்கீலானேன். அது வாழ்த்துதானே? கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்த்து “நல்லா இருப்பீங்க” என்கிறோம். யாரும் அதை ஜோசியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த வாதம் நிற்கவில்லை. அவர் என்னிடம் ஆசி கேட்கவில்லை. கேள்வி கேட்டார். பதில் வேண்டியவரிடம் வாழ்த்தைக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாதம்: போகுமா போகாதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், உடனே சதவீதத்துக்குப் போவோம். ‘பத்து ஹோட்டலில் ஒன்பது முதல் வருஷமே மூடும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்து உணவகங்களை வைத்துப் பார்சா என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2005இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் வருஷத்தில் விழுந்தவை சுமார் 26 சதவீதம். மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட 60. ஒன்பதை விட ஆறு பரவாயில்லை. ஆனால் இந்த எண்ணை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது கொலம்பஸைப் பற்றிய எண். நூறு கடைகளைப் பற்றிய எண். அவரிடம் இருப்பது ஒரே கடை.

யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்தது சதவீதமே இல்லை. அதை விடச் சின்ன விஷயங்கள். பக்கத்து ஆபீஸ்களில் இப்போது செவ்வாய், புதன், வியாழன்தான் ஆள் வருகிறது. திங்களும் வெள்ளியும் மதியத்தில் தெரு காலி. மெட்ரோ வேலைக்காக மெயின் ரோட்டில் தடுப்பு வைத்த பிறகு பைக்கை நிறுத்தி இறங்க இடமில்லை. பிரியாணிக் கடைக்காரர் மதியத்துக்குச் செய்த அண்டாவில் பாதியை ராத்திரி பாதி விலைக்குக் கொடுத்ததை நான்தான் வாங்கித் தின்றிருக்கிறேன். அதே தெருவில் ராத்திரி எட்டுக்கு மேல் ஹாஸ்டல் பையன்கள் கூட்டமாக வருவதும் எனக்குத் தெரியும். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் ‘ஓஎம்ஆர், சுற்றிலும் ஐடி கம்பெனி’ என்று நம்பி வந்தவர். அவர் கண்ணில் இருந்தது 2019இன் தெரு.

‘போகாது’ என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ‘வெள்ளிக்கிழமை மதியம் ஆள் இருக்காதுண்ணே’ என்று சொல்ல இருந்தது. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை நான் பார்க்கவே இல்லை. தீர்ப்புச் சொல்லப் பயந்து தகவலையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

பொய் பற்றிப் பேசினால் காண்ட் வராமல் இருக்கமாட்டார். 1797இல் எழுதிய கட்டுரையில், ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று நின்றவர் அவர். வள்ளுவர் அவ்வளவு இறுக்கமில்லை. குற்றமற்ற நன்மை கிடைக்குமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். என் ரெண்டு வார்த்தை இருவரிடமும் தேறவில்லை. அதனால் அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கிடைத்திருக்கலாம். மிச்ச நன்மையெல்லாம் எனக்கு. சங்கடமான பேச்சிலிருந்து தப்பித்தேன்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அந்தச் சாயங்காலம் இல்லை. வைகாசியில் அவர் அந்த ஷட்டர் வாசலில் வீட்டு ஓனரோடு பேசிக்கொண்டிருந்ததை நான் ரெண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். கை காட்டினேன், அவரும் காட்டினார். ‘நமக்கெதுக்கு’ என்று போய்விட்டேன். அப்போது அட்வான்ஸ் கைமாறவில்லை.

கடை திறப்பதற்கு முந்தைய ரெண்டு மாதம் விசித்திரமான காலம். ஒரு ரூபாய் வியாபாரம் கிடையாது, எல்லாம் செலவு. பத்து மாத வாடகை அட்வான்ஸ். டைல்ஸ், வயரிங், புகைக்கூண்டு. 19 கிலோ சிலிண்டர் கனெக்‌ஷன். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண். கல்லுக்கும் கிரைண்டருக்கும் கட்டிய ஜிஎஸ்டியைச் சாதாரண உணவகங்கள் கழித்துக்கொள்ளவும் முடியாது. 2017 நவம்பரிலிருந்து இதுதான் விதி. ஆடியில் யாரும் கடை திறக்கமாட்டார்கள், ஆவணி முகூர்த்தத்துக்குக் காத்திருப்பார்கள். வாடகை ஆடி பார்ப்பதில்லை. முதல் பரோட்டா கல்லில் விழும் முன்பே பணத்தில் பாதி சுவரோடு ஒட்டிப் போயிருக்கும். அதைச் சுரண்டி எடுக்க முடியாது.

அதனால் ஒரே உண்மைக்கு வைகாசியில் ஒரு மதிப்பு, ஆடியில் வேறு மதிப்பு. வைகாசியில் ‘இந்த இடம் வேண்டாம்ணே’ என்பது உதவி. ஆடியில் அதையே சொன்னால், பின்னால் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ரசீது, அவ்வளவுதான். காண்டும், பொய்க்கு இடம் கொடுத்த வள்ளுவரும் கேள்விக்குப் பின்னால் வரும் பேச்சை யோசிக்கிறார்கள். என் தவறு கேள்விக்கு முன்னால் நடந்தது. அதற்கு வள்ளுவரின் நட்பு அதிகாரத்துக்குப் போக வேண்டும். கூடிச் சிரிக்க மட்டும் நட்பு இல்லை, நண்பன் வரம்பு தாண்டும்போது அவன் கேட்கக் காத்திராமல் நாமே போய்க் கண்டிக்க வேண்டும் என்பது அங்கே இருக்கிறது.

ஆபீஸில் நான் இதைச் செய்கிறவன்தான். ஒரு ரிலீஸ் போவதற்கு முன்னால் ‘நோ-கோ’ சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை, அதற்குத்தான் சம்பளம். தெருவில் அந்த வேலைக்கு ஆளில்லை. தடுத்தவன் அபசகுனம் பிடித்தவன் ஆவான். அவன் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுத்த இடத்தில் வேறொருவன் ஜெயித்துவிட்டால் ஆயுளுக்கும் பேச்சு. ‘நல்லா போகும்’ என்றவனை, கடை மூடிய பிறகு யாரும் தேடி வரமாட்டார்கள். பணம் போடாத எல்லோருக்கும் தாராள மனசு இருப்பது இதனால்தான்.

இப்படிக் கட்டுரை எழுதுவதும் ஒரு தப்பித்தல்தான் என்று தோன்றியதால், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அந்த வாரம் ஒரு வெள்ளி மதியமும் ஒரு வெள்ளி ராத்திரியும் எதிரே டீக்கடையில் நின்று தெருவில் நடக்கிறவர்களை எண்ணினேன். ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டுக்குத் தனி மாஸ்டர் இப்போதைக்கு வேண்டாம், சாயங்காலம் ஆரம்பித்து ராத்திரியை மட்டும் பிடியுங்கள், ஹாஸ்டல் பையன்களுக்கு ஏற்ற விலை வையுங்கள் என்று சொன்னேன். பிரியாணிக் கடையின் கதையையும் சொன்னேன்.

பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத முதல்லயே சொல்லிருக்கலாமே தம்பி.”

“ஆமாண்ணே. சொல்லிருக்கணும்.”

கோபப்படவில்லை. ஃப்ளெக்ஸில் ‘மதிய உணவு’ அச்சாகிவிட்டது என்றார். மதுரையிலிருந்து வரவேண்டிய மாஸ்டருக்கு முன்பணமும் போய்விட்டதாம். கொஞ்சம் யோசித்து, “சரி, அவர ராத்திரி பரோட்டாவுக்கு மாத்திக்கிறேன். மதியம் மூணு நாள் மட்டும் போடலாமா?” என்று கேட்டார். செவ்வாய், புதன், வியாழன் என்று பேப்பரின் ஓரத்தில் எழுதினோம்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, அந்தப் பேப்பரை ஒட்டியிருந்தார். கடை போகுமா என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஷட்டர் மூடியிருக்கிறதா என்று மட்டும், ஆபீஸ் இல்லாத நாட்களில், மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.