ஆண்டின் பெயரும் அடியவரின் நம்பிக்கையும்

சித்திரை முதல் நாளன்று திருக்கோயில்களில் பஞ்சாங்கம் படிக்கப்படுகிறது. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள் மாறி மாறிச் சுழன்று வருகின்றன. கேட்டு நிற்கும் மக்கள், கழிந்த ஆண்டின் துயரங்களை நெஞ்சில் சுமந்தவண்ணம், பிறக்கும் ஆண்டின் பெயரிலும் பலனிலும் ஆறுதல் தேடுகின்றனர். இது மனித இயல்பு, குறை கூறத்தக்கதன்று. ஆயினும் ஒரு வினா எழுகிறது. எம்பெருமான் திருவடிகளே தஞ்சம் என்றிருப்பவன், வரும் ஆண்டு நல்லதாக அமைய வேண்டும் என்று விரும்பலாமா? விரும்பலாம் என்றால், அவ்விருப்பம் எதன்மேல் ஊன்றி நிற்க வேண்டும்?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனா நோய் பரவியதால் தமிழகத் திருக்கோயில்களின் கதவுகள் அடியார்களுக்கு அடைக்கப்பட்டன. அடுத்த மாதம் பிறந்த ஆண்டின் பெயர் சார்வரி. இரவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பெயருக்கு ஏற்ப இருண்டே கழிந்தது என்று பலரும் கூறினர். அதற்கு அடுத்த ஆண்டின் பெயர் பிலவ. தெப்பம் என்பது அதன் பொருள். இரவு கழிந்தது, இனிக் கரை சேர்க்கும் தெப்பம் வந்துவிட்டது என்று மக்கள் மனம் தேறினர். ஆனால் அந்தப் பிலவ ஆண்டின் தொடக்கத்தில்தான், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், நோய் முன்னினும் கடுமையாகத் தாக்கியது. முன்னினும் மிகுதியான இல்லங்கள் தம்மவரை இழந்தன. மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் வைபவம் ஈராண்டுகள் ஆற்றில் நிகழாமல், 2022ஆம் ஆண்டில்தான் மீண்டும் நிகழ்ந்தது. ஆண்டின் பெயரை நம்பி ஆறுதல் அடைந்த உள்ளம் இருமடங்கு நொந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளை லோகாசாரியர் தத்துவத்திரயத்தில் காலத்தை அசேதநத்தின் ஒரு வகையாக வைத்தார். காலத்திற்கு அறிவில்லை, அருளும் இல்லை, பகையும் இல்லை. கழிந்த ஆண்டைப் பழிப்பதும் வரும் ஆண்டை வேண்டுவதும், ஓடும் நீரை நோக்கி வழக்குரைப்பதை ஒக்கும்.

அவ்வாறாயின் துன்பத்திற்குக் காரணம் அவரவர் வினையே என்று கூறி முடித்துவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். தனக்கு நேர்ந்த துன்பத்தை ஒருவன் அவ்வாறு எண்ணிப் பொறுப்பானாயின் அது அடக்கம். பிறனுக்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டு அவ்வாறு கூறுவானாயின் அது கொடுமை. பிறர் நோவு கண்டு பொறுக்கமாட்டாமையே வைணவனின் இலக்கணம் என்பது பெரியோர் கொள்கை. ‘பெருமாள் எங்களைக் காப்பாற்றினார்’ என்று பிழைத்தவர் கூறுவது நன்றியுரையே. ஆனால் பிழையாதவரைப் பெருமாள் கைவிட்டார் என்பது அதன் மறுபுறமாகிவிடலாகாது. எந்த அடியவனும் அப்படிப் பொருள் கொள்ள இடந்தராத வரலாறு ஒன்று திருவரங்கத்திற்கு உண்டு.

1323ஆம் ஆண்டில் தில்லிப் படையெடுப்பு திருவரங்கத்தைத் தாக்கியது. மூலவர் திருமுன்பு கற்சுவர் எழுப்பி மறைக்கப்பட்டதையும், பிள்ளை லோகாசாரியர் தள்ளாத முதுமையில் நம்பெருமாளுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டதையும் குருபரம்பரை கூறுகிறது. வேதாந்த தேசிகர், சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அதன் ஆசிரியருடைய இளம் புதல்வர் இருவரையும் காத்துக்கொண்டு வடமேற்கே சென்றார். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371ஆம் ஆண்டில். இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள்! ஒவ்வொரு சித்திரையிலும் ‘இவ்வாண்டு மீள்வோம்’ என்று எண்ணி ஏமாந்தவர் எத்தனை பேரோ! அவர்களுள் பலர் அந்த நாளைக் காணவே இல்லை.

பிள்ளை லோகாசாரியரும் காணவில்லை. மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். எம்பெருமான் அவரைக் கைவிட்டான் என்று சொல்ல யாருக்கு நாவெழும்? அந்த இறுதி நாட்களில் அவர் செய்த செயலே இங்கு நினைக்கத்தக்கது. மதுரையில் அரசுப் பணியில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வாரைத் தரிசனப் பணிக்கு மீட்டு, அவருக்கு ரகசியப் பொருள்களை உபதேசிக்குமாறு கூரகுலோத்தம தாசரைப் பணித்தார். அத்திருமலையாழ்வாரே திருவாய்மொழிப் பிள்ளை ஆனார். அவருடைய சீடராக வந்தவர், 1370இல் அவதரித்த மணவாள மாமுனிகள். மீண்டெழுந்த திருவரங்கத்தில், நம்பெருமாள் திருமுன்பு, ஓராண்டு முழுவதும் ஈட்டுப் பேருரை நிகழ்த்தியவர் அவரே.

தாம் காணப்போகாத ஆண்டுக்கு விதையிட்டுச் செல்வது என்பது இதுதான். ஆசாரியர் நல்ல ஆண்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கெட்ட ஆண்டிலேயே அதற்கான காரியத்தைச் செய்தார். பலனை எம்பெருமானிடம் விட்டுவிட்டவரே, பலன் தம் கைக்கு வருமா என்று பாராமல் உழைக்க வல்லவர். சரணாகதி செயலற்ற நிலையாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அண்மைத் துன்பக் காலத்திலும் இவ்வழி முற்றும் மறைந்துவிடவில்லை. சேவிக்க ஒருவரும் இல்லாத சந்நிதிகளில் அருச்சகர்கள் நாள்தோறும் விளக்கேற்றினர். திருமஞ்சனமும் தளிகையும் நடந்தன. அதே வேளையில் கோயில் வாசலை நம்பி வாழ்ந்த பூ விற்பவரும், நாகசுரக் கலைஞரும், தேங்காய்க் கடைக்காரரும் பிழைப்பின்றி வாடினர். அவர்கள் வீட்டு அடுப்பெரிய அரிசி கொண்டு சென்றவர் செய்ததும் கைங்கரியமே. உள்ளே எரிந்த விளக்குக்கும் வெளியே எரிந்த அடுப்புக்கும் எம்பெருமான் வேற்றுமை காணான்.

ஆகவே, வரும் ஆண்டு நல்லதாகுக என்று அடியவன் விரும்பலாம், விரும்பவும் வேண்டும். ஆனால் அவ்விருப்பம் பஞ்சாங்கப் பலனின்மேல் நில்லாது, அருளின்மேல் ஊன்றிக் கைங்கரியமாக வெளிப்பட வேண்டும். ஆண்டாளின் திருப்பாவை நோன்பு நாட்டுக்கெல்லாம் மழையை வேண்டித் தொடங்கிப் பெருமானுக்கு ஆட்செய்வதையே பேறாகக் கேட்டு முடிகிறது. அவளை வளர்த்த பெரியாழ்வாரோ, ஆண்டுகளைத் தமக்கென்று வேண்டாமல் எம்பெருமானுக்கே பல்லாண்டு பாடினார். ஆண்டு அவனுடையது என்று உணர்ந்தவனுக்கு, அதில் செய்யத்தக்க பணி மட்டுமே தன்னுடையது.

திருநாள் கண்டு மகிழும் இவ்வேளையில், உடன் நின்று சேவிக்க இன்று இல்லாதவர்களை அன்புள்ளம் நினைக்கட்டும். அவர்கள் விட்டுச் சென்ற பணி, விளக்கோ, திருமாலையோ, ஒரு பிள்ளையின் படிப்போ, எதுவாயினும், அதை ஏற்று நடத்தும் கைகள் பெருகுக! அரங்கனின் திருவருள் அக்கைகளுக்குத் துணை நிற்பதாக!