விடை உண்டு என்ற வாக்கு

புதிர் போடுகிறவர் நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார். முடிச்சைப் போட்டு, தானே ஒருமுறை அவிழ்த்தும் பார்த்துவிட்டுத்தான் நம் கையில் தருகிறார். திண்ணையில் விடுகதை போடும் பாட்டியும் அப்படித்தான். நாம் எவ்வளவு நேரம் திணறினாலும் விடை அவள் மடியில் பத்திரமாக இருக்கும். திணறுவது நமக்குச் சுகமாக இருப்பதற்கே அந்தத் தைரியம்தான் காரணம்.

கோளாறு வேறு ஜாதி. அதை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடுவதில்லை. அவிழ்த்துப் பார்த்தவரும் இல்லை. அவிழுமா என்பதே தெரியாது. ஆனாலும் இரண்டையும் ‘பிரச்சினை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம், ஒரே மனநிலையோடு அணுகுகிறோம். இந்தக் குழப்பம் வெறும் சொல்லோடு நிற்பதில்லை. ஆட்களையும் காயப்படுத்துகிறது என்பது என் எண்ணம்.

சொகோபான் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி, 1982இல் ஜப்பானில் வெளிவந்தது. கிடங்குக் காவலாளி என்று பெயருக்குப் பொருள். ஒரு கிடங்கு, சில பெட்டிகள், அவற்றைச் சேர்க்க வேண்டிய இடங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ளலாம். விதிகள் அவ்வளவுதான். சுவர் மூலைக்குப் போய்விட்ட பெட்டி திரும்பாது. அந்த நிமிடமே ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனால் விளையாட்டு அதைச் சொல்லாது. காவலாளி பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். நாமும் அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருப்போம். மூலை என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பெட்டிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நிற்கும்போது, இன்னும் வழி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது கணினிக்கே மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்று என நிறுவியிருக்கிறார்கள். ஆக, வாக்கு தொடக்க நிலைக்கு மட்டும்தான் செல்லும். பாதி வழியில் அது காலாவதியாகியிருக்கலாம், நமக்குத் தெரியாமலே.

இன்னொன்று, சட்டத்துக்குள் 15 கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் பழைய விளையாட்டு. எல்லாம் சரியாக இருந்து 14ம் 15ம் மட்டும் இடம் மாறியிருந்தால் அதை நகர்த்திச் சரிசெய்யவே முடியாது என்று 1879இலேயே கணித நிரூபணம் வந்துவிட்டது. சாம் லாய்ட் என்ற அமெரிக்கப் புதிர்க்காரர் பிற்பாடு அதே அமைப்புக்கு 1000 டாலர் பரிசு அறிவித்தார். கொடுக்கவே வேண்டியிராத பரிசு. வேடிக்கைக் கதையாகத்தான் இதைச் சொல்வார்கள். ஆனால் தூக்கம் கெட்டு அந்தக் கட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தவர் யாரைக் குறை சொல்லியிருப்பார்? ‘நமக்குத்தான் மூளை போதல’ என்றுதானே?

இதையெல்லாம் இவ்வளவு யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் அப்பா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். 1998இல் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய 486 கம்ப்யூட்டரை வாங்கி வந்து, அதில் என்னோடு போட்டி போட்டு சொகோபான் ஆடியவர். நான்கு வருடங்களுக்கு முன் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. போனில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். “தொட்டா எங்கயோ போகுதுடா. அந்தப் பழைய கீபோர்டுதான் எனக்குச் சரி” என்றார். சரி, பரணிலிருந்து இறக்கினோம்.

மதர்போர்டில் இருந்த பீப்பாய் வடிவப் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்தேன். செம்புக் கோடுகள் அரிபட்டிருக்கவில்லை. பேட்டரி செத்ததால் ஹார்ட் டிஸ்க்கின் அளவுகளை அது மறந்துவிட்டிருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அடித்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே தட்டினாலும் அவரிடம் ஒரே வசனம்தான்: “கரண்ட் எதுவரைக்கும் வருதுன்னு பாரு. அதுக்கு அந்தப் பக்கம்தான் கோளாறு.”

முப்பது வருடம் கம்பம் ஏறியவரின் தத்துவம் அது. சம்பளம் வாங்கிக்கொண்டு நான் மென்பொருளில் செய்வதும் இதையேதான். அந்த வாக்கியத்தில் தீர்வைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் ஒன்று இருக்கும், அது இருக்கும் இடத்தை நெருங்கலாம், அவ்வளவுதான் அதன் நம்பிக்கை. கண்டுபிடித்த பிறகு சரிசெய்ய முடியுமா என்பது தனிக் கேள்வி. எரிந்துபோன மின்மாற்றிக்கும் காரணம் உண்டு.

அப்பாவின் நோயும் அந்த வகைதான். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. அசைவு தாமதப்படுகிறது, கை நடுங்குகிறது. லெவோடோபா என்ற மாத்திரை அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். செல்கள் அழிவதை நிறுத்த மருந்து இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் புதிரை அவிழ்க்கிற உற்சாகத்தோடு வருகிறார்கள். இந்த எண்ணெய், அந்த ஊர் வைத்தியர், இன்னொரு யோகா. அன்பால்தான் சொல்கிறார்கள். என் அத்தை ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசு வச்சா சரியாயிரும்ண்ணே, நீங்கதான் மனசு வைக்க மாட்டேங்குறீங்க” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது கரண்டியைக் கீழே போடாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். மனசு வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்ற நம்பிக்கையின் கொடூரமான பக்கம் இது. விடை உண்டு என்றால், கிடைக்காததற்கு யாராவது பொறுப்பாக வேண்டும். நோயாளி சரியாக ஆடத் தெரியாத ஆட்டக்காரராகிவிடுகிறார். கடனில் மூழ்கியவரிடம், வேலை போனவரிடம், பிள்ளை இல்லாதவரிடம் நாம் பேசுகிற தைரியப் பேச்சில் பாதி இதுதான். 1000 டாலர் பரிசு அறிவித்துவிட்டு அவர்களைக் கட்டைகளோடு விட்டுவிட்டுப் போகிறோம்.

விளையாட்டு இருந்த ஃப்ளாப்பியைப் போட்டதும், பாதியில் டாஸ் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டது: ‘அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?’ நிறுத்திவிடவா, மறுபடி முயலவா, தோல்வியா? சின்ன வயதில் மூன்றாவதன் அர்த்தம் எனக்குப் புரிந்ததே இல்லை. தோல்வியைப் போய் யாராவது தேர்ந்தெடுப்பார்களா? அதன் வேலை எளிமையானது. ‘இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை’ என்ற உண்மையை, கேட்ட நிரலிடமே சொல்லிவிடுவது. அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று நிரல் பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு முறை ரீட்ரை போட்டோம், டிரைவ் கரகரத்ததுதான் மிச்சம். பிறகு ஃபெயில். மற்ற கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிக் கட்டங்கள் இருந்த கோப்பு போய்விட்டது. முதல் 40 கட்டங்கள் ஓடின.

ஓடியும் ஆட முடியவில்லை. ஒரு கட்டம் நகர்த்த அம்புக்குறியை அழுத்துவார். விரல் எழ நேரமாகும். அதற்குள் விசை தானாகத் திரும்பத் திரும்ப அடித்து, பெட்டி மூலைக்குப் போய்விடும். “கரண்ட் விரல்வரைக்கும் வருது, திரும்பிப் போகத்தான் லேட்டாகுது” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. டாஸில் ‘மோட்’ என்றொரு கட்டளை உண்டு. விசையை அழுத்திப் பிடித்தால் எவ்வளவு நேரம் கழித்து அது திரும்ப அடிக்கத் தொடங்க வேண்டும் என்பதை அதில் 1 முதல் 4 வரை வைக்கலாம். 1 என்றால் கால் நொடி, 4 என்றால் ஒரு நொடி. 4 வைத்தேன். விரல் நடுங்கி இரண்டு முறை தட்டிவிட்டால் அதற்கு இது உதவாது. ஆனாலும் அன்று மாலை அவர் மூன்று கட்டங்கள் முடித்தார்.

அவருடைய கை சரியாகவில்லை. இயந்திரம் முக்கால் நொடி பொறுமை கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். தீர்வு என்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘முடியவில்லை’ என்ற உண்மையை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் கட்டளையைத் தேடவே தோன்றியது. கை குணமாக வேண்டும் என்று மட்டும் காத்திருந்தால் கீபோர்டின் பக்கம் யார் பார்வை போகும்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. எல்லாரும் இப்படி ஒப்புக்கொண்டிருந்தால் லெவோடோபா வந்திருக்குமா? வந்திருக்காது. யாரோ விடாமல் ரீட்ரை அழுத்தியதால்தான் அந்த மாத்திரை எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. தேடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் தேடல் ஆய்வுக்கூடத்தின் வேலை, மருத்துவரின் வேலை, ஓரளவுக்கு என் போன்ற பொறியாளரின் வேலையும்கூட. நோயாளி தினமும் அடைக்க வேண்டிய கடன் அல்ல அது. ‘விடை உண்டு’ என்று சொல்லும் உரிமை, முடிச்சைப் போட்டு அவிழ்த்துப் பார்த்தவருக்கு மட்டும்தான். மற்ற நாம் எல்லாரும் நேர்மையாகச் சொல்லக்கூடியது, ‘கரண்ட் எதுவரைக்கும் வருதுன்னு சேர்ந்து பாப்போம்’ என்பதுதான். அந்தச் ‘சேர்ந்து’ என்ற சொல்லை மட்டும் நம்மால் வாக்காகவே கொடுக்க முடியும்.