இலைப்புள்ளியும் இனம் என்னும் கேள்வியும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மானாவாரிக் கடலைக் கொல்லைகளில் காணும் டிக்கா இலைப்புள்ளி நோயை இரண்டு பூஞ்சைகள் உண்டாக்குகின்றன. முன்பருவப் புள்ளி பழுப்பு நிறமானது, மஞ்சள் வளையம் கொண்டது. வித்துகள் பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில் தோன்றும். பின்பருவப் புள்ளி கருமையானது. வித்துகள் அடிப்புறத்தில் மிகுதி. இரண்டும் நெடுங்காலம் செர்கோஸ்போரா என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன.

இப்பேரினத்தை 1863இல் தாவரவியலாளர் ஃப்ரெசீனியஸ் நிறுவினார். இலைத்துளை வழியே கொத்தாக நீளும் பழுப்புநிறக் காம்புகள், அவற்றின் நுனியில் குறுக்குச் சுவர்கள் கொண்ட, ஊசிபோல் மெலிந்த நிறமற்ற வித்துகள், வித்து உதிர்ந்த இடத்தில் தடித்துக் கறுத்த தழும்பு ஆகியவை இதன் அடையாளங்கள். பல சிற்றினங்கள் செர்கோஸ்போரின் என்னும் செந்நிற நஞ்சைச் சுரக்கின்றன. வெளிச்சம் பட்டால்தான் அது இலையின் உயிரணுக்களைக் கொல்லும்.

சிக்கல் எண்ணிக்கையில் தொடங்கியது. வேறு செடியில் கண்டால் வேறு சிற்றினம் என்ற வழக்கத்தால் பெயர்கள் 3,000ஐத் தாண்டின. 2003இல் பூஞ்சையியலாளர்கள் குரூஸும் பிரவுனும் அவற்றை ஆராய்ந்து 659ஐ மட்டும் ஏற்றனர். மேலும் 281 பெயர்களை ஒரே சிற்றினத்தின் மறுபெயர்கள் என அடக்கினர். அப்படியானால் அந்த 281 இனங்கள் எங்கே இருந்தன? இலையிலா, பார்த்தவர் அறிவிலா?

இந்தியத் தத்துவத்துக்கு இது பழைய வழக்கு. இனம் போன்ற பொதுமை, பொருள்களில் உண்மையாகவே உறைகிறது என்பது வைசேடிகம் என்னும் தத்துவ மரபு. அது ஏற்கும் ஆறு அடிப்படைப் பொருள்வகைகளில் சாமானியம் எனப்படும் இப்பொதுமையும் ஒன்று என்பதை மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியிலும் காணலாம். காஞ்சிப் பகுதியில் பிறந்தவராகத் திபெத்திய மரபு சொல்லும் பௌத்தர் திக்நாகர் இதை மறுத்தார். மற்றவற்றை விலக்கி அறிவு செய்துகொள்ளும் ஏற்பாடே பொதுமை என்றார்.

உதிர்ந்த 281 பெயர்கள் திக்நாகர் பக்கம் சாட்சி சொல்கின்றன. ஆனால் வழக்கு அத்துடன் முடிவதில்லை. 2017இல் வெளியான மரபணு ஆய்வு பின்பருவப் பூஞ்சையை நோத்தோபாசலோரா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றியது. அதன் வித்துகள் தடித்த உருளை வடிவிலும் வெளிர் நிறத்திலும் இருப்பது முன்பே தெரியும். அதன் வம்சாவளி வேறு என்பதே புதிதாக உறுதியானது. அந்த வம்சாவளியை எந்த அறிஞரும் உண்டாக்கவில்லை, பெயர் வைக்கும் முன்பே அது இருந்தது. ஆகவே பிறப்புவழி உண்மையானது; அதில் எந்தக் கிளையோடு ஒரு பேரினத்தை நிறுத்துவது என்பதே மனிதர் எடுக்கும் முடிவு. முன்பருவப் பூஞ்சை விஷயத்தில் அம்முடிவு இன்னும் நிலைக்கவில்லை: சில நூல்கள் அதைச் செர்கோஸ்போராவிலும் சில பாசலோராவிலும் வைக்கின்றன.