பாதுகாப்பு என்னும் பெயரில்

வழி அறியாத விருந்தினருக்கு வழி அறிந்த ஒருவரைத் துணையாக அனுப்புவது நற்பண்பு. அத்துணையைச் சட்டமே கட்டாயமாக்கும்போது, அது யாருடைய நலனைக் காக்கிறது என்னும் வினா எழுகின்றது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இத்தகைய சட்டம் ஒன்று உண்டு. அங்கு நடுவண் அரசின் பாதுகாப்பிலுள்ள வனாந்தரப் பகுதிகள் 30 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டவை. 1964 ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் இத்தகைய நிலங்களை அந்நாட்டு மக்கள் அனைவருக்காகவும் காக்கிறது. ஆயினும் பிற மாநிலத்தவர் அங்கே எல்க் மான், கரடி போன்ற பெருவிலங்குகளை வேட்டையாட வேண்டுமாயின், உரிமம் பெற்ற தொழில்முறை வழிகாட்டியோ, உரிய அனுமதி பெற்ற வயோமிங்வாசி ஒருவரோ உடன்செல்ல வேண்டும்.

பாதுகாப்பே இதற்குக் கூறப்படும் காரணம். திடீர்ப் பனியும் கரடிகளும் நிறைந்த மலைகளில் அது பொருளற்ற அச்சமன்று. ஆனால் அதே வெளியூரார் மலையேறவோ மீன்பிடிக்கவோ சென்றால் வழிகாட்டி தேவையில்லை. வீழ்த்திய மானின் குருதி வாடை கரடியை ஈர்க்கும் என்பது மெய்தான். உள்ளூர் வேட்டைக்காரருக்கும் அந்த இடர் உண்டன்றோ? மேலும், வயோமிங்வாசி தம் நண்பருக்குத் துணைசெல்லும் அனுமதியைக் கட்டணமின்றிப் பெறலாம். அண்டை மாநிலமான ஐடஹோவில் மலையிலேயே வாழ்ந்து பழகியவருக்கோ அது கிட்டாது. ஆக, இங்கே அளக்கப்படுவது திறமையன்று, முகவரியே.

வழிகாட்டிகளின் பிழைப்பைக் காப்பதும், வேட்டைக்காரர் நெருக்கத்தைக் குறைப்பதும் தவறான நோக்கங்கள் அல்ல. மொன்டானா மாநிலம் எல்க் வேட்டைக்கு வெளியூராரிடம் மிகுதியான கட்டணம் பெறுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978 இல் ஏற்றுக்கொண்டது. உள்ளூராருக்கு முன்னுரிமை என்பதை ஒரு மாநிலம் வெளிப்படையாகவே கூறலாம் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறு வெளிப்படையாகக் கூறினால் மட்டுமே அதன் நியாயத்தை நாம் எடைபோட இயலும். தொழில்முறை வழிகாட்டிக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். வசதி படைத்தவர் உள்ளே செல்வார். வயோமிங்கில் நண்பரில்லாத எளியவர் எல்லையிலேயே நிற்பார். உள்ளூராரின் பிழைப்புக்காக இந்த இழப்பு தகுமா என்று அப்போது கேட்கலாம். 'உன் நன்மைக்காகவே' என்று கூறிவிட்டாலோ, அக்கேள்விக்கே இடமிராது.

நம் இல்லங்களிலும் ஊர்களிலும் கூட, பிறர் நலன் என்னும் பெயரால் நாம் விதிக்கும் தடைகள் பல. அவற்றுள் சில நியாயமானவையாகவும் இருக்கலாம். எனினும், மெய்யான காரணத்தை மறைக்கும் விதி, கீழ்ப்படிதலைப் பெறலாம். மனச்சான்றின் இசைவைப் பெறாது.